கேர்டேக்கராக இருக்கிறீர்களா? அதிகாரியாகுங்கள்: என்.சி.சி. பொறுப்பு பற்றி ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

தேசிய மாணவர் படையில், அதாவது நாம் எல்லோரும் என்.சி.சி. என்று அழைக்கும் அமைப்பில், பள்ளிப் பிரிவையும் கல்லூரிப் பிரிவையும் கையில் எடுத்து நடத்துபவர் ராணுவத்திலிருந்து வந்தவர் அல்ல. அந்தந்த நிறுவனத்தின் ஆசிரியர்தான். விரும்பி ஏற்கிற பொறுப்பு இது. விரும்பி ஏற்ற பலர், அதிகாரி ஆவதற்கு ஒரு படி முன்பே, கேர்டேக்கர் என்ற தற்காலிக நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள். பெரேடு நடத்துகிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள், சிற்றுண்டிக் கணக்கு எழுதுகிறார்கள். பயிற்சிக்குப் போய் முறையான அதிகாரி ஆவதை மட்டும் ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவைக்க வேண்டிய தலைமை ஆசிரியர்கள், முதல்வர்களுக்காகவும் இந்தப் பக்கம். நானும் ஒரு கல்லூரி ஆசிரியர், என்.சி.சி. அதிகாரி. எங்கே போனாலும் கேட்கப்படும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏ.என்.ஓ. என்பவர் யார்? கேர்டேக்கருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

ஏ.என்.ஓ. என்பது என்.சி.சி.யின் இணை அதிகாரி. முன்பயிற்சியை முடித்து, அரசின் முறையான நியமனம் பெற்ற ஆசிரியர். கல்லூரியில், தரைப்படைப் பிரிவில் லெப்டினன்ட் என்று தொடங்கி கேப்டன், மேஜர் என்று உயரலாம். பள்ளியில் தேர்டு ஆபீசர், செகண்ட் ஆபீசர், ஃபர்ஸ்ட் ஆபீசர், சீஃப் ஆபீசர் என்று படிநிலை போகும். ஒவ்வொரு உயர்வுக்கும் பணிக்காலமும் புத்தாக்கப் பயிற்சியும் வேண்டும்.

கேர்டேக்கர் என்பவர், அதிகாரி இல்லாத இடத்தில் பிரிவு மூடப்பட்டுவிடாமல் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவர். அந்தத் தற்காலிகம் சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீள்வதுதான் சிக்கல்.

கேர்டேக்கராகவே எல்லா வேலையும் நடக்கிறதே. மாதக்கணக்கில் பயிற்சிக்குப் போய் அதிகாரியாக என்ன அவசியம்?

வேலை நடக்கிறது என்பது உண்மை. எந்த அளவுக்கு நடக்கிறது என்று பாருங்கள்.

நம் பகுதிப் பிரிவுகளை மேற்பார்க்கும் என்.சி.சி. அலகான பட்டாலியனிலிருந்து வரும் ராணுவப் பயிற்றுநர், பி.ஐ. ஸ்டாஃப் என்று நாம் சொல்பவர், டிரில்லும் ஆயுதப் பயிற்சியும் சிறப்பாகச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். பட்டாலியனின் தலைவரான கமாண்டிங் ஆபீசரும் அப்படித்தான். ஒரு மாணவனை முதலாண்டில் வரிசையில் நிறுத்தியதிலிருந்து என்.சி.சி.யின் உயர்ந்த சான்றிதழான ‘சி’ சான்றிதழ்த் தேர்வு வரை, அதற்குப் பிறகு அவன் ராணுவத் தேர்வு வாரியத்தின் முன் போய் நிற்கும் வரை கூடவே இருப்பவர் அந்த நிறுவனத்தின் ஆசிரியர் மட்டுமே. அவருக்கே வரைபட வாசிப்பு தெரியாது, துப்பாக்கிப் பயிற்சிக் களத்தின் பாதுகாப்பு விதிகள் தெரியாது, முகாம் எப்படி நடக்கும் என்பது தெரியாது என்றால், மாணவன் பயிற்றுநர் வருகிற நாளில் மட்டும்தான் கற்றுக்கொள்கிறான்.

இன்னொன்று முகாம். பத்து நாள் ஆண்டுப் பயிற்சி முகாமில் உணவுப் பொறுப்பு, நிர்வாகப் பொறுப்பு, பயிற்சிப் பொறுப்பு எல்லாம் ஏ.என்.ஓ.க்களிடம் பிரித்துக் கொடுக்கப்படும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சாப்பிட்டார்களா, யாருக்குக் காய்ச்சல், எந்தக் கூடாரத்தில் தண்ணீர் புகுந்தது என்பதெல்லாம் அவர்கள் தலையில்தான். பயிற்சி பெற்றவர் இதைச் செய்வதற்கும் பெறாதவர் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முகாமில் இருந்தவர்கள் அறிவார்கள்.

கடைசியாக, நிலைத்தன்மை. கேர்டேக்கரை நம்பி நடக்கும் பிரிவு எப்போதும் ஆட்டம் கண்டுகொண்டே இருக்கும். என்.சி.சி. பிரிவு கேட்டுக் காத்திருக்கும் நிறுவனங்கள் ஏராளம். முறையான அதிகாரி இல்லாத பிரிவு தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்வது கடினம்.

என்.சி.சி. விரிவடைகிறது என்கிறார்களே. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு. 1948இல் என்.சி.சி. சட்டம் வந்தபோது இருந்தவர்கள் சுமார் 20 ஆயிரம் மாணவர்கள். 2020 சுதந்திர தின உரையில் எல்லை, கடலோர மாவட்டங்கள் 173இல் ஒரு லட்சம் புதிய கேடட்டுகள் (என்.சி.சி. மாணவர்கள்), அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று பிரதமர் அறிவித்தார். 2024இல் மேலும் மூன்று லட்சம் இடங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. மொத்தம் 20 லட்சம் என்பது இலக்கு. நீண்ட கடற்கரை கொண்ட தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு உண்டு. சுயநிதித் திட்டத்தின் கீழும் பள்ளிகள் விண்ணப்பிக்கின்றன.

இருக்கைகளைத் தாளில் உருவாக்கிவிடலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஆசிரியர் முன்வர வேண்டுமே! அதைத் தில்லியால் செய்ய முடியாது. ஆசிரியர் அறையில்தான் செய்ய முடியும்.

அதிகாரி ஆனால் ராணுவத்தில் சேர்ந்தது போல் ஆகுமா? போர் வந்தால் அழைப்பார்களா?

இல்லை. என்.சி.சி. சட்டத்தின் கீழ் வருபவர் எவருக்கும், அந்த உறுப்பினர் நிலை காரணமாகப் போர்ப்பணிக்குச் செல்லும் கட்டாயம் கிடையாது. உங்கள் வேலை ஆசிரியர் வேலை. சம்பளமும் பணி மூப்பும் உங்கள் நிறுவனத்தில்தான். 1965, 1971 போர்களின்போது கேடட்டுகள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு உதவினார்கள்; வான்குடைப் படையினர் இறங்கினால் கண்டறியும் ரோந்துகளில் இருந்தார்கள். 2020 கொரோனா காலத்தில் மூத்த கேடட்டுகள் நிவாரணப் பணிக்கு வந்தார்கள். இவையெல்லாம் உதவிப் பணிகள்.

பயிற்சி எங்கே? எத்தனை நாள்?

ஆண் ஆசிரியர்களுக்கு நாக்பூரை அடுத்த காம்ப்டியில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமி. பெண் ஆசிரியர்களுக்குக் குவாலியரில் உள்ள அகாதெமி. இரண்டும் என்.சி.சி.க்கென்றே நடப்பவை. பள்ளிப் பிரிவா, கல்லூரிப் பிரிவா என்பதைப் பொறுத்து காலம் மாறும். இரண்டிலிருந்து மூன்று மாதத்துக்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்; உங்கள் அணிக்கு எத்தனை நாள் என்பது அழைப்புக் கடிதத்தில் இருக்கும்.

விடியற்காலையில் உடற்பயிற்சி, பிறகு டிரில், ஆயுதப் பயிற்சி, வரைபட வாசிப்பு, களத்திறன், முகாம் நிர்வாகம், பேரிடர் மேலாண்மை, வகுப்பெடுக்கும் பயிற்சி. கடைசியாகச் சொன்னதில் ஆசிரியர்கள் மற்ற யாரையும்விட வேகமாகத் தேறுவார்கள். முடிவில் அணிவகுப்பு நடக்கும். தோளில் நட்சத்திரம் ஏறும். அந்த நாளில் கண்கலங்காத ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். கட்டளைச் சொற்கள் இந்தியில்தான். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’, ‘தாஹினே முட்’ என்பவற்றை உங்கள் மாணவர்களே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெரேடு மைதானத்தில் அவற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வகுப்புகளில் ஆங்கிலமும் கலந்தே வரும். கேரளம், ஆந்திரம், வடகிழக்கு என்று எல்லா மூலைகளிலிருந்தும் வருபவர்களுக்கும் இதே நிலைதான்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளைக் கைவிட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. தமிழ் மாணவனுக்கு அந்நியமாகத் தோன்றும் அமைப்பை அவனுக்கு நெருக்கமாக்குவது யார்? தமிழில் விளக்கி, தமிழில் தட்டிக்கொடுக்கும் அவனுடைய ஆசிரியர்தான். அந்தக் காரணத்துக்காகவே நீங்கள் போக வேண்டும்.

நாற்பதை நெருங்குகிறேன். உடல் ஒத்துழைக்குமா?

உயர்ந்தபட்ச வயது வரம்பு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. ஆகவே முதலில் பட்டாலியனில் உங்கள் பிறந்த தேதியைச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். மருத்துவத் தகுதிப் பரிசோதனையும் உண்டு.

உடலைப் பொறுத்தவரை, அகாதெமிக்கு இருபத்தைந்து வயதுக்காரர்கள் மட்டும் வருவதில்லை. குழந்தை பெற்றவர்கள், ஆண்டுக்கணக்கில் ஓடாதவர்கள், கரும்பலகைக்கும் நாற்காலிக்கும் இடையிலேயே பத்து ஆண்டுகளைக் கழித்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். போவதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்பே காலையில் வேகநடை, பிறகு மெதுவோட்டம் என்று தொடங்குங்கள். காலணியை இங்கேயே பழக்கிக்கொள்ளுங்கள். புதுக் காலணியோடு போய்ப் பாதம் கொப்பளித்து முதல் வாரத்தை மருத்துவ அறையில் கழிப்பவர்கள் ஒவ்வொரு அணியிலும் உண்டு.

வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. ஒரு பெண் ஆசிரியர் எப்படி இரண்டு மூன்று மாதம் குவாலியர் போய் இருக்க முடியும்?

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இது. ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. கைக்குழந்தை இருக்கும்போது போக வேண்டாம். குழந்தை வளரட்டும். ஆனால் பெயரை மட்டும் முன்கூட்டியே பதிவுசெய்து, எந்த ஆண்டு போகலாம் என்று முதல்வரோடும் பட்டாலியனோடும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று வரும் அழைப்புக் கடிதம்தான் குடும்பங்களைத் தடுமாறவைக்கிறது. ஓராண்டுக்கு முன் தெரிந்தால் மாமியாரோ அம்மாவோ வந்து தங்க ஏற்பாடு செய்யலாம். கணவர் தன் விடுப்பைச் சேர்த்து வைக்கலாம்.

வீட்டில் பேசும்போது ‘கோர்ஸுக்குப் போகிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எதற்காகப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். 1949இலேயே பெண்கள் பிரிவு தொடங்கிவிட்டது. இன்று நம் கல்லூரிகளில் சேர்க்கைக்கு வரிசையில் நிற்கும் பெண்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அந்தப் பெண்களில் பலருக்கு முகாம்தான் வீட்டைவிட்டு வெளியே தங்கும் முதல் வாய்ப்பு. ‘கூட மேடம் வருகிறார்களா?’ என்பதுதான் அவர்களுடைய பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. பல வீடுகளில் அது ஒன்றே கேள்வி. ‘வருகிறார்’ என்று பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பெண் முகாமுக்கு வருவாள். முகாம் முடித்தால், ‘சி’க்கு முந்தைய நிலையான ‘பி’ சான்றிதழ்த் தேர்வு எழுதுவாள். ‘சி’ வரை போனால், எழுத்துத் தேர்வு இல்லாத என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாக, ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாதெமிக்கே விண்ணப்பிக்க முடியும். ஒரு பெண் ஆசிரியர் மூன்று மாதம் போய்வருவதால் இத்தனையும் திறக்கிறது. பட்டாலியனில் பெண் பயிற்றுநர்களும் முழுநேரப் பெண் அதிகாரிகளும் இருக்கிறார்கள் என்றாலும், அவர்கள் ஒரே நேரத்தில் எல்லா நிறுவனங்களிலும் இருக்க முடியாது.

முதல்வர்களுக்கும் ஒரு சொல். பெண் ஆசிரியரிடம் ‘உங்களால் முடியாதே’ என்று நீங்களே முடிவெடுத்துவிட்டு ஆண் ஆசிரியரைக் கேட்காதீர்கள். முடியுமா முடியாதா என்பதை அவர் சொல்லட்டும்.

மாணவராக இருந்தபோது நான் என்.சி.சி.யில் இருந்ததில்லை. தகுதி உண்டா?

உண்டு. ‘சி’ சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வில் அது வலுச் சேர்க்கும். ஆனால் கேடட்டாக இருந்திராத நல்ல அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு: வரிசையில் முதல்முறை நிற்கும் பிள்ளைக்கு என்ன புரியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பண வரவு உண்டா?

மதிப்பூதியம், சீருடைப் படி, முகாம் படி உண்டு. பெரிய தொகை அல்ல. பணத்துக்காக யாரும் இதற்கு வர வேண்டாம். வந்தால் நிலைக்கவும் மாட்டார்கள். பயிற்சிக் காலம் அரசு, அரசு உதவி நிறுவனங்களில் பணிக்காலமாகக் கருதப்படுகிறது. தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள், பயிற்சிக் காலத்துச் சம்பளம் பற்றி நிர்வாகத்திடம் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

பாடம் நடத்துவது பாதிக்காதா?

பாதிக்காமல் இருக்க நிறுவனம்தான் இடம்கொடுக்க வேண்டும். 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யை மதிப்பெண் பெறும் விருப்பப் பாடமாக வைக்கும்படி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. அப்படி வைத்த கல்லூரிகளில் இந்த வேலை பாட அட்டவணைக்குள்ளேயே வந்துவிடுகிறது. மற்ற இடங்களில் பெரேடு நாளின் கடைசி இரண்டு வகுப்புகளை அந்த ஆசிரியருக்குக் கொடுக்காமல் இருப்பது, தேர்வுக் கண்காணிப்பு, விடுதிப் பொறுப்பு போன்றவற்றிலிருந்து விடுவிப்பது எல்லாம் முதல்வர் கையில் இருக்கிறது. ‘என்.சி.சி. அவருடைய விருப்பம்தானே, மற்ற வேலையையும் பார்க்கட்டும்’ என்று நினைக்கும் நிறுவனத்தில் இரண்டாவது ஆசிரியர் ஒருநாளும் முன்வரமாட்டார். முதலாமவர் படும் பாட்டை அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?

எங்கள் பள்ளியில் வெளியாள் ஒருவரை வைத்து என்.சி.சி. பயிற்சி தரலாம் என்கிறார்கள். சரியா?

கூடாது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த போலி முகாமில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே கிடையாது, நடத்தியவர்கள் என்.சி.சி.யைச் சேர்ந்தவர்கள் அல்லர். நம் எல்லோரையும் உலுக்கிய செய்தி அது.

சீருடை போட்டுக்கொண்டு ‘லெப்ட் ரைட்’ சொல்லத் தெரிந்த எவரையும் பிள்ளைகளுக்கு நடுவே விட்டுவிடக் கூடாது. உண்மையான பிரிவுக்கு ஒரு பட்டாலியன் இருக்கும், ஒப்புதல் ஆணை இருக்கும், பெயர் சொல்லிப் பொறுப்பு ஏற்ற ஆசிரியர் இருப்பார். பெற்றோர் இந்த மூன்றையும் கேட்கலாம், கேட்க வேண்டும். நான் ஆசிரியர்களை அதிகாரியாகும்படி வற்புறுத்துவதற்கு இதுவும் முக்கியமான காரணம். பிள்ளைகளின் ஆர்வம் இருக்கும் இடத்தில் தகுதியானவர் இல்லையென்றால், தகுதியற்றவர் வந்து நிற்கிறார்.

நான் முதல்வர். அறிவிப்புப் பலகையில் போட்டும் யாரும் முன்வரவில்லை. என்ன செய்வது?

பலகையில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஆசிரியர்களைக் கேட்டால், நான் அதிகம் கேட்ட பதில் ‘என்னை யாரும் கேட்கவில்லை’ என்பதே. ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கேளுங்கள். யாரைக் கேட்பது? சுற்றுலாவில் பிள்ளைகளைக் கடைசியாக எண்ணிப் பார்த்துவிட்டு பஸ் ஏறும் ஆசிரியர் யார்? விளையாட்டு விழாவில் யாரும் சொல்லாமலே கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் யார்? குரல் சத்தமாக இருக்க வேண்டியதில்லை. மிடுக்கைப் பயிற்சி கொடுத்துவிடும், அக்கறையைக் கொடுக்காது.

கேட்டவுடன் ‘சரி’ என்று வராது. ஒருநாள் முகாமுக்கு அழைத்துப் போங்கள். மாலையில் கலைநிகழ்ச்சி நேரத்தில் மாணவர்களோடு உட்காரவிடுங்கள். பேரிடர் மேலாண்மை, முதலுதவி, சுற்றுச்சூழல் என்று அவருடைய பாடத்துக்கு நெருக்கமான ஒரு வகுப்பை எடுக்கச் சொல்லுங்கள். கடற்கரை ஊர் என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய கடற்கரைத் தூய்மை இயக்கம் போன்ற ஒன்றுக்கு உடன் வரச் சொல்லுங்கள். வேலையைக் கண்ணால் பார்த்தவருக்கே அது பிடிக்கும்.

நட்சத்திரத்தையும் சீருடையையும் காட்டி ஆசை மூட்டாதீர்கள். அதற்காக வந்தவர், படிவங்களின் முதல் கட்டைப் பார்த்ததும் சோர்ந்துவிடுவார். சேர்க்கைப் பதிவு, மாணவர்களின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகும் சீருடைத் தொகை, வருகைப் பதிவு, சிற்றுண்டிக் கணக்கு என்று எழுத்து வேலை நிறைய உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அலுவலகப் பணியாளர் ஒருவரை வாரத்தில் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தால், எந்தப் பேச்சைக் காட்டிலும் அது அவரை நிற்கவைக்கும்.

நான் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வுபெறப்போகும் ஏ.என்.ஓ. எனக்குப் பிறகு?

இன்றே ஒருவரைத் தேடத் தொடங்குங்கள். தேர்வு, பயிற்சிக்கான இடம், அழைப்பு எல்லாம் சேர்ந்து நேரம் எடுக்கும். நீங்கள் போன பிறகு தேடினால், இடையில் இரண்டு அணி மாணவர்கள் அதிகாரி இல்லாமலே படித்து முடித்துவிடுவார்கள். உங்கள் பழைய கேடட் யாராவது அதே ஊரில் ஆசிரியராக இருக்கிறாரா என்று பாருங்கள். பட்டாலியன் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாரிடமும் அறிமுகப்படுத்துங்கள். அங்கே முதல்நாள் கிடைக்கும் மரியாதை, அவர் திரும்பி வருவாரா என்பதை முடிவுசெய்யும்.

சரி, எங்கே தொடங்குவது?

பணிநிரந்தரம் பெற்ற ஆசிரியராக இருந்தால், முதல்வரிடம் விருப்பக் கடிதம் கொடுங்கள். அவர் பரிந்துரைத்து உங்கள் பட்டாலியனுக்கு அனுப்புவார். பிறகு நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, இயக்குநரகத்தின் ஒப்புதல், பயிற்சிக்கான அழைப்பு என்று படிப்படியாகப் போகும். தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மூன்றும் ஒரே இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன.

உங்கள் நிறுவனத்தில் பிரிவே இல்லையென்றால், பிரிவு கேட்டு விண்ணப்பிக்கும்போதே ‘இந்த ஆசிரியர் அதிகாரியாகத் தயாராக இருக்கிறார்’ என்று உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருக்கும் விண்ணப்பத்தைப் பட்டாலியன் வேறுவிதமாகப் பார்க்கும்.